பள்ளம் இல்லாத பேனாக்கள்

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று பதினோரு பேனாக்களுக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுத்தேன். வேறு எப்படிச் சொல்வது? வெள்ளைப் பின்னணி, நேர்ப் பார்வை, முகத்தில் நிழல் கூடாது. பொன்னேரி ஸ்டுடியோவில் பதினாறு வருடம் நான் படித்த படிப்பு அவ்வளவுதான். காது இரண்டும் தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது. பேனாவுக்கு இரண்டும் இல்லாததால் வேலை சீக்கிரம் முடிந்தது. படங்களைப் பார்த்தால் பதினோரு பேரும் ஏதோ திருட்டு வழக்கில் தேடப்படுகிறவர்கள் மாதிரி இருக்கிறார்கள்.

ஸ்டுடியோ மூடி மூன்று வருடம் ஆகிறது. எல்லார் கையிலும் போன் வந்த பிறகு பிணத்தைக்கூட அவர்களே படம் எடுத்துக்கொள்கிறார்கள். முதலாளி போகும்போது பழைய கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது சும்மா கிடக்கிறதே என்றுதான் இந்த உத்தியோகம். சம்பளம் கிடையாது. இங்கே முதலாளி என் வீட்டுக்காரர்.

அவருக்குப் படகு வேலை வாரத்தில் இரண்டு நாள். மீதி நாளெல்லாம் கொல்லைக் கொட்டகையில் லேத்து முன்னால் நின்று மரத்தைக் கடைந்து பேனா செய்கிறார். உலகத்தில் பேனா இல்லாமல் ஜனங்கள் தவித்துக்கொண்டிருப்பதாக யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். எட்டு மாதத்தில் விற்றது மூன்று. அதில் ஒன்றை வாங்கியவர் அவருடைய தம்பி.

சாப்பிடும்போது சொன்னார்: "பொங்கலுக்குள்ள ஒரு வழி தெர்லன்னா லேத்த வித்துட்டு குஜராத் போறேன். படகு கட்ற கம்பெனி. ரெண்டு வருஷம்தான்."

ரெண்டு வருஷம்தானாம். போகட்டும். கொட்டகை காலியானால் நான் கோழி வளர்ப்பேன்.

அக்டோபர் 16

மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு உருண்டை மக்கோடு அவர் வந்து நின்றார். மரச் சந்து அடைக்கிற அதே மக்குதான்.

"பேனா புடிக்கிற மாதிரி இத்த புடி."

"எதுக்கு?"

"சும்மா புடி, குணா."

பிடித்தேன். அவர் என் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். மாமியார் இதைப் பார்த்துவிட்டார். அங்காளம்மாளின் கண்ணுக்குத் தப்பி இந்த வீட்டில் ஒரு ஈ பறக்க முடியாது. "பீச்சாங்கையில இன்னாத்தடா குடுக்குற அவகிட்ட? வெளங்குமா?" என்றார். கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. நான் இடக்கைக்காரி என்பது அவருக்கு இன்னும் தினமும் புதுச் செய்தியாகவே வந்து சேர்கிறது.

என்ன விஷயம் என்று கேட்டால் ஜன்னல் அடைக்கப் போகிறேன் என்றார். மழைக்கு முன்னாலேயே ஜன்னலை நினைத்துக்கொண்ட ஆம்பளை! புல்லரித்தது.

அக்டோபர் 19

மழை. ஜன்னல் வழக்கம்போல் ஒழுகியது. அந்த மக்கு எங்கே போனதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அக்டோபர் 23, வியாழன்

பாஸ்போர்ட் போட்டோ வேண்டாம், பேனா 'அழகாக' இருக்க வேண்டும் என்று உத்தரவு. உத்தரவு போட்டது கொழுந்தனார் வீரராகவன். அவர்தான் மூன்றாவது பேனாவை வாங்கிய வள்ளல். பேனாக்களுக்குப் போனில் ஒரு பக்கம் ஆரம்பித்திருக்கிறார். இனி ஊர் உலகமெல்லாம் பார்க்குமாம்.

அழகுக்குப் பெட்டி வேண்டும். உள்ளே வெள்ளையாக, மேலே வெளிச்சம் இறங்குகிற மாதிரி. பழவேற்காட்டில் வெள்ளைப் பெட்டிக்கு என்ன பஞ்சம்? மீன் அனுப்புகிற தெர்மோகோல் பெட்டி ஏலக் கூடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கிறது. ஒன்று கேட்டு வாங்கி, கழுவி, இரண்டு பக்கமும் அறுத்து மெழுகுத்தாள் ஒட்டினேன். வெளிச்சம் பால் மாதிரி இறங்கியது. உள்ளே ஆற்று மணல், இரண்டு கிளிஞ்சல், ஒரு முழம் பழைய வலை. நடுவே பேனா. படம் நன்றாகத்தான் வந்தது. நானே எனக்கு ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன், வேறு யாரும் போடுகிறதாகத் தெரியவில்லை.

பெட்டியில் கொஞ்சம் இறால் வாடை இருந்தது. படத்தில் வாடை தெரியாது.

அக்டோபர் 26

மாமியாரின் கட்டில் கால் ஒன்று மழையில் உளுத்துப்போனது. அவருடைய கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த தேக்குக் கட்டில். உளுத்தது அடியில் நாலு விரல்கடை அளவுதான். மீதியை அறுத்து மகன் லேத்தில் ஏற்றிவிட்டார். காலுக்குப் பதில் செங்கல்.

"நான் கண்ண மூட்றதுக்குள்ள பாயும் பேனா ஆயிடும்" என்கிறார் மாமியார். முதல் முறையாக அவர் சொன்னதோடு எனக்கு முழுச் சம்மதம்.

அக்டோபர் 30, வியாழன்

கட்டில் கால் ஆறு பேனாவாகப் பிறந்திருக்கிறது. மரத்தில் ரேகை ஓடுவது தேன் மாதிரி அழகு. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆறிலும் நிப்புக்குக் கொஞ்சம் மேலே, ஒரு பக்கமாக, ஒரு பள்ளம். உளி வழுக்கியிருக்கிறது. ஆறு பேனாவிலும் அதே இடத்தில் வழுக்கியிருக்கிறது. ஒரே தப்பை ஆறு முறை அச்சுக் குலையாமல் செய்வதற்கும் திறமை வேண்டும்தான்.

 மனுஷன் ஏற்கெனவே குஜராத் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார். பேசாமல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆறு பள்ளத்தையும் நிரப்பினேன். பதினாறு வருடம் கல்யாணப் பெண்களின் மருவையும் அம்மைத் தழும்பையும் அழித்த கை. ஒருமுறை அனுப்பம்பட்டுப் பெண் ஒருத்திக்கு மோவாய் மச்சத்தை அழித்துக் கொடுத்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் இது வேறு பெண் என்று எழுந்து போய்விட்டார்கள். அவளுடைய அப்பா ஸ்டுடியோ வாசலில் நின்று முக்கால் மணி நேரம் என்னைத் திட்டினார். அதற்குப் பிறகும் நான் திருந்தவில்லை என்பது தொழில்மீது எனக்குள்ள பக்தி.

பேனாக்கள் இப்போது வழவழவென்று, ஒரு வடு இல்லாமல் இருக்கின்றன.

நவம்பர் 3

ஒரு வாரத்தில் பக்கத்தைப் பார்த்தவர்கள் நாற்பது பேர். அதில் பன்னிரண்டு பேர் வீரராகவனின் கிரிக்கெட் டீம்.

நவம்பர் 5, புதன்

கொழுந்தனாருக்கு ஞானம் பிறந்துவிட்டது.

"அண்ணி, மரப் பேனான்னா எவன் வாங்குவான்? கத வேணும் அண்ணி, கத. நம்ம ஊர்ல இன்னா கீது? டச்சுக்காரன் கோட்ட கட்ன ஊரு. நானூறு வருஷத்துக் கப்பல் மரம்னு போடு. பிச்சிக்கினு போவும்."

"உங்கம்மா கட்டில்பா அது."

"கட்டிலுக்கு எவன் பேனா வாங்குவான்?"

நியாயமான கேள்வி.  பொங்கலுக்கு இன்னும் எழுபது நாள். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். 'உன் இஷ்டம்' என்றேன். 'உன் இஷ்டம்' என்றால் சம்மதமும் ஆயிற்று, பொறுப்பும் இல்லை. எவ்வளவு வசதியான வார்த்தை!

வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை. அவருடையது பட்டன் போன். அதில் பேச மட்டும்தான் முடியும், அதையும் அவர் அதிகம் செய்வதில்லை.

நவம்பர் 8, சனி

டச்சுக் கப்பல் என்றால் டச்சுப் பின்னணி வேண்டாமா? நானும் கொழுந்தனாரும் ஊரிலுள்ள டச்சுக்காரர் கல்லறைக்குப் போனோம். வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் நின்று வரவேற்றன. எங்கள் கூட்டத்தை அவை சேர்த்துக்கொள்ளலாம், தகுதி இருக்கிறது. யாரோ ஒரு வியாபாரியின் கல்லறை மேல் வரிசையாகப் பேனாவை அடுக்கினேன். எழுத்துகளும், அடியில் ஒரு மண்டை ஓடும் எலும்பும் மேடாக நிற்கிற மாதிரி கல்லைச் செதுக்கியிருக்கிறார்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்தின் நிழல் பேனாவின் நிழலோடு சேர்ந்தது. நல்ல படம். பொய்க்கு இவ்வளவு அழகான வெளிச்சம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

காவல்காரர் ஓடி வந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். "யம்மா, அப்டியே நமக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக் குடேன். பேங்க்ல கேக்கறான்" என்றார். காது இரண்டும் தெரிய எடுத்துக் கொடுத்தேன்.

நவம்பர் 13

ஒன்பது ஆர்டர்.

நவம்பர் 17

பதினேழு. கட்டிலின் இரண்டாவது காலும் போயிற்று. மூன்றாவதைப் பார்த்து இவர் அளவெடுப்பதை மாமியார் பார்த்துவிட்டார்.

நவம்பர் 18, செவ்வாய்

வீரராகவன் பக்கத்தில் வந்த புகழுரைகளைச் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறார், அதுவும் அவருடைய அம்மாவிடம். 'நானூறு வருடம் கடலில் கிடந்த மரத்தின் உப்புக்காற்றை உணர்கிறேன்' என்று ஒரு கோயம்புத்தூர்க்காரர். அது தெர்மோகோல் பெட்டி, ஐயா.

மாமியார் நேரே என்னிடம் வந்தார். "ஏம்மே, என் கட்டில்ல எந்த டச்சுக்காரன் வந்து படுத்தான்? எனக்கே தெரியாம? மானத்த வாங்காதீங்க. பசியாவரத்துல என் அண்ணன் காதுக்கு எட்டுச்சின்னா இன்னா நெனைக்கும்?"

பதினோரு வருடத்தில் அவர் சொன்னதற்குச் சிரிப்பை அடக்க முடியாமல் நான் கொல்லைப்பக்கம் ஓடியது இதுதான் முதல் தடவை. கொட்டகையில் இவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு கடைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சொன்னார்: "பரவால்ல குணா, நம்ம கைவேலைய மதிக்கிறாங்க."

சிரிப்பு நின்றுவிட்டது.

நவம்பர் 22

கேட்டார்: "நீ எழுதிப் பாத்தியா?"

"எத?"

"பேனாவ."

இதென்ன கேள்வி? மை பேனாவில் இடக்கையால் எழுதினால், எழுதின எழுத்தின் மேலேயே கை நடந்து போகும். பள்ளிக்கூடத்தில் என் நோட்டு முழுக்க மையிழுப்பு, உள்ளங்கை ஓரமெல்லாம் நீலம், முட்டியில் ஸ்கேல் அடி. எட்டாம் வகுப்போடு மை பேனாவுக்குப் பெரிய கும்பிடு போட்டவள் நான். இந்த டைரியைப் பெட்டிக்கடை பால்பாயிண்டில் எழுதுகிறேன், எனக்கு அது போதும். "நேரமில்ல" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

டிசம்பர் 4, வியாழன்

ஒரு வாரமாக வாடைக்காற்றும் மழையும். ஏரி ரோட்டுக்கு வந்துவிட்டது. தபால் மட்டும் தவறாமல் வருகிறது, பேனாக்களோடு. ஆமாம், திரும்பி வருகின்றன.

சேலம்: 'பேனாவில் மீன் வாடை.'
கோயம்புத்தூர்: 'படத்தில் இல்லாத பள்ளம் பேனாவில் இருக்கிறது. ஏமாற்று வேலை.'
திருச்சி: 'கப்பல் மரம் சரி. கடைசியில் உளி வழுக்கியதையும் கப்பல் கணக்கில் சேர்ப்பதா? கை வைக்கிற இடத்தில் உறுத்துகிறது.'

நான்கு பேனாக்கள். அரிசி டிரம்மில் அரிசிக்கு அடியில் புதைத்தேன். அவர் அரிசி அளக்கிற ஆள் இல்லை.

டிசம்பர் 9

இன்னும் ஏழு. அரிசி மட்டம் உயர்ந்துகொண்டே போகிறது. வீட்டில் செழிப்பு.

டிசம்பர் 12, வெள்ளி

பொன்னேரியில் மூன்று நாள் கைவினைக் கண்காட்சி. வீரராகவன் ஒரு மேஜைக்கு இடம் பிடித்துவிட்டார். கல்லறைப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, தலைக்கு மேலே 'டச்சுக் கப்பல் பேனாக்கள்' என்று ஒரு போர்டு. மேஜையில் மணல் கொட்டி, உடைந்த படகின் பலகை ஒன்றைச் சாய்த்து, அதில் பேனாவைக் குத்தி நிறுத்தினேன். பள்ளம் இருக்கிற பக்கத்தைப் பின்னால் திருப்பி வைத்தேன். இடது பக்கத்திலிருந்து பார்த்தால் பள்ளம் தெரியாது. அதனால் ஜனங்கள் இடது பக்கத்திலிருந்து வருகிற மாதிரி நாற்காலிகளையும் போட்டேன். ஸ்டுடியோவில் ஒற்றைக்கண் மாப்பிள்ளையை இப்படித்தான் உட்கார வைப்போம்.

நல்ல கூட்டம். எல்லாரும் பேனாவை விட்டுவிட்டுப் படத்திலிருந்த மண்டை ஓட்டைப் பற்றியே கேட்டார்கள்.

டிசம்பர் 14, ஞாயிறு

அவர் வந்தார்.

சொல்லாமல் வந்தார். எங்கள் கல்யாணத்துக்கு எடுத்த சட்டை. எண்ணெய் தேய்த்து வாரிய தலை. தன் பேனாவை ஊர் பார்ப்பதைத் தானும் பார்க்க வேண்டும் என்று காலையிலேயே பஸ் ஏறியிருக்கிறார். கூட்டத்துக்குப் பின்னால் நின்றதை நான் கவனிக்கவே இல்லை. வீரராகவன்தான் முதலில் பார்த்து முகம் செத்துப்போனார்.

போர்டைப் படித்தார். கோபம் வரும், கத்துவார் என்று நான் தயாராக இருந்தேன். சொல்ல வேண்டியதைக்கூட மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன், எல்லாம் உங்கள் தம்பி செய்தது என்று ஆரம்பித்து. அவர் போர்டைப் பார்த்தபின் அந்தப் பெரிய படத்துக்குக் கிட்டே போனார். விரலால் பேனாவின் கழுத்தைத் தடவினார். அந்த வழவழப்பை. ஒரு தரம், ரெண்டு தரம்.

"பள்ளம் எங்க?" என்றார்.

"அது... உளி வழுக்கியிருந்திச்சி. நான்தான் அழிச்சேன். படத்துக்கு நல்லா இருக்கணும்னு..."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்தான்."

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. கப்பலைப் பற்றி இல்லை, கட்டிலைப் பற்றி இல்லை. ஒரு பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டார். ரெண்டு திட்டு திட்டியிருந்தா இன்னா? நான் பாட்டுக்கு ரெண்டு பதில் சொல்லியிருப்பேனே. இப்டி பேசாம போனா நான் இன்னா பண்றது?

டிசம்பர் 15

பேச்சில்லை. லேத்தும் ஓடவில்லை.

டிசம்பர் 17

வீட்டில் இந்த அமைதி இருந்தால் போதும் என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன். கிடைத்துவிட்டது. திருப்பிக் கொடுக்கிற வழி இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

டிசம்பர் 19, வெள்ளி

மீஞ்சூர் வடிவேலுவோடு போனில் பேசினார். கடைசல் பட்டறை வைத்திருப்பவர். போகிப் பண்டிகையன்று வண்டியோடு வந்து லேத்தை எடுத்துக்கொள்கிறாராம். குஜராத்துக்குத் தை பிறந்ததும்.

கோழி வளர்ப்பேன் என்று எழுதினேன் அல்லவா அக்டோபரில்? எனக்குக் கோழி பிடிக்காது. எனக்குக் கோழி பிடிக்கவே பிடிக்காது. அந்த லேத்து சத்தம் இல்லாமல் மத்தியானம் தூக்கம் வரவில்லை. போகாதீங்க என்று சொல்ல வாய் வரவில்லை. பதினாறு வருடம் ஊராருக்கு 'சிரிங்க, இப்படிப் பாருங்க' என்று சொன்ன வாய்க்கு இந்த ஒரு சொல் வரமாட்டேன் என்கிறது.

டிசம்பர் 24, புதன்

தஞ்சாவூரிலிருந்து ஒரு கடிதம். பார்சல் இல்லை, கடிதம் மட்டும். திருவேங்கடம் என்று ஒருவர். நாற்பது வருடம் பத்திரம் எழுதியவராம். கவரைப் பிரிக்கும்போதே, அரிசிக்கு அடியில் இன்னொரு பேனாவுக்கு இடம் இருக்கிறதா என்று யோசித்தேன்.

அவர் எழுதியதை அப்படியே எழுதிவைக்கிறேன்: 'கப்பல் கதையை நான் நம்பவில்லை. கப்பலில் தேக்குக்கு மெழுகு பூசிய தடம் எப்படி இருக்கும்? அது கிடக்கட்டும். நான் இடக்கைக்காரன். இத்தனை வருடம் மையை இழுத்துக்கொண்டே எழுதினேன். உங்கள் பேனாவில் அந்தப் பள்ளத்தில் கட்டை விரலை வைத்தால் கை தானாகக் கோட்டுக்குக் கீழே இறங்கி நிற்கிறது. எழுத்தை மிதிக்கவில்லை. இதைச் செய்தவர் இடக்கைக்காரராகத்தான் இருக்க வேண்டும். அவருக்கு என் நமஸ்காரம். படத்தில் ஏன் அதை மறைத்தீர்கள்?'

செய்தவர் இடக்கைக்காரர் இல்லை. சோற்றுக்கையால் உண்டு, சோற்றுக்கையால் உளி பிடிக்கிற மனிதர். இந்த வீட்டில் பீச்சாங்கை ஒன்றே ஒன்றுதான்.

அரிசி டிரம்மைத் திறந்தேன். கையை முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவி ஒன்றை எடுத்தேன். பிடித்தேன். கட்டை விரல் போய் உட்கார்ந்தது. ஓரத்தில் என் நகம் கோணலாக வளர்ந்திருக்கிறதே, சின்ன வயதில் கதவில் நசுங்கியது, அந்தக் கோணலுக்குக்கூட அதில் இடம் விட்டிருந்தது. மக்கு ஜன்னலுக்குப் போகவில்லை.

ரெண்டு மாசமா நான் கம்ப்யூட்டர்ல உக்காந்து ஒவ்வொண்ணா அழிச்சது என் விரல.

அந்தக் கல்லறையில் செத்தவனின் மண்டை ஓட்டையும் எலும்பையும்கூட ஒளிக்காமல் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். அதன் மேலேயே பேனாவை அடுக்கிப் படம் எடுத்துவிட்டு வந்து இதை மறைத்தேன். அழுகை வந்தது. மாமியார் பார்த்துவிட்டு, "அரிசில புழுவா?" என்றார். ஆமாம் என்றேன்.

டிசம்பர் 25

கொட்டகைக்குப் போனேன். லேத்தைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார், கட்டிக் கொடுக்கிற பெண்ணுக்குத் தலை வாருகிற மாதிரி. கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அரிசிக்குள் இருந்த பதினொன்றையும் கொட்டினேன். கோயம்புத்தூரையும் திருச்சியையும் சேலத்தையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"நீதான படம் புடிச்ச. அத்தினி கிட்டக்க வெச்சிப் பாத்தது நீ ஒருத்திதான். தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

 கிட்டத்தில் வைத்துத்தான் பார்த்தேன்.

"ஒனக்குன்னுதான் கட்டில் கால்ல மொத பேனாவ அப்டி செஞ்சேன். இங்க் பேனான்னாலே மூஞ்சத் தூக்கறியேன்னு. அப்பறம் கை அதுக்கே பழகிப்போச்சி. எல்லாத்துலயும் வந்துச்சி."

"மத்தவங்கல்லாம் சோத்தாங்கைங்க. உறுத்துதுன்னு திருப்பி அனுப்பறாங்க."

"அனுப்பட்டும். சோத்தாங்கைக்காரனுக்குக் கடை கடையா பேனா கீது."

பத்து மாத வியாபாரத்தில் அவர் சொன்ன ஒரே வியாபார யோசனை இது.

போவாதீங்க என்றேன். வந்துவிட்டது. அவர் எண்ணெய்த் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். 

டிசம்பர் 27, சனி

வாங்கினவர்கள் எல்லாருக்கும் தபால் அட்டை எழுதினேன். 'கப்பல் இல்லை. கட்டில். மாமியாருடையது. முப்பத்தெட்டு வருடம் பழையது. பேனா இடக்கைக்காரர்களுக்கு. வேண்டாதவர்கள் திருப்பி அனுப்பலாம்.' தபால்காரர் அட்டைகளைப் படித்துக்கொண்டே போயிருக்கிறார். சாயந்திரத்துக்குள் அங்காளம்மாளின் கட்டில் ஊர் முழுக்கப் பிரபலம்.

வீரராகவனிடம் போர்டைக் கழற்றச் சொன்னேன். "கதைய கெடுத்துட்டியே அண்ணி" என்றார். 'உன் இஷ்டம்' என்று இந்த முறை நான் சொல்லவில்லை.

ஜனவரி 2

படம் எடுத்தோம். மணல் இல்லை, கிளிஞ்சல் இல்லை, எலும்புக்கூடு இல்லை. என் இடது கை, அதில் பேனா, கீழே ஒரு கோடு போட்ட நோட்டு. கை என்னுடையது என்பதால் பட்டனை வேறொருவர் அழுத்த வேண்டும். அவர் அழுத்தினார். வாழ்நாளில் கேமரா தொடாத மனிதர், மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். படம் சாய்ந்திருக்கிறது. பாதி கட்டைவிரல் நிழலில். கோணல் நகம் பளிச்சென்று தெரிகிறது. ஸ்டுடியோவில் யாராவது இப்படி எடுத்திருந்தால் வேலையை விட்டு அனுப்பியிருப்பேன்.

ஒரு புள்ளியைக்கூட அழிக்காமல் போட்டேன்.

ஜனவரி 9

டச்சுக்காரன் பேருக்கு வந்ததில் பாதிகூட இல்லை. ஆனால் வந்தவை எல்லாம் பீச்சாங்கைகள். ஒருத்தி எழுதுகிறாள், அவளுடைய மகளுக்காம், டீச்சர் கையை மாற்றச் சொல்கிறாராம். மகளுக்கு இன்னும் சின்ன விரல். அளவுக்கு ஒரு பேப்பரில் மை தொட்டு விரலைப் பதித்து அனுப்பியிருக்கிறாள். இவர் அந்தப் பேப்பரை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஜன்னல் இன்னும் ஒழுகுகிறது.

தஞ்சாவூர்க்காரருக்கு என் அட்டை கிடைத்துவிட்டது. பதில்: 'கப்பலில் நான் ஏறியதே இல்லை. கட்டிலில் படுத்திருக்கிறேன். எனக்கு இதுவே நெருக்கம்.'

ஜனவரி 14, போகி

காலை ஏழு மணிக்கே வடிவேலு மினி வேனோடு வந்து நின்றார். தெரு முழுக்கப் பழம்பாய் எரிகிற புகை.  நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. கொட்டகையில் பேச்சுக் குரல் கேட்டது. அப்புறம் வண்டி கிளம்புகிற சத்தம். பத்து எண்ணினேன், போய்ப் பார்க்க.

லேத்து நின்ற இடத்திலேயே நின்றது. வடிவேலு ஒரு பேனாவை வாங்கிக்கொண்டு வெறும் வண்டியோடு போயிருக்கிறார்.

"வண்டி வாடகைக்கு அவருக்கு இன்னா சொன்னீங்க?"

"அவரு பொண்ணு பீச்சாங்கையாம்" என்றார்.  குஜராத் என்ற வார்த்தை அதற்குப் பிறகு இந்த வீட்டில் வரவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

மாமியாருக்குப் புதுக் கட்டில் வந்தது. இரும்பு. "இத்த கடையட்டும் பாப்போம்" என்று மகனைப் பார்த்துச் சொன்னார். பழைய கட்டிலில் மிச்சமிருந்த நாலாவது காலை அவரே தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகை வாசலில் சாத்தினார். ஒரு நிபந்தனையோடு: பேனாவோடு போகிற சீட்டில் அவர் பெயர் இருக்க வேண்டும். சீட்டை நான் எழுதினேன். 'மரம்: அங்காளம்மாள்.' என் பெயர் எங்கும் இல்லை. பள்ளத்தில் இருக்கிறது, போதும்.

மத்தியானம் லேத்து ஓடியது. நான் நன்றாகத் தூங்கினேன்.

பெட்டிக்கடைப் பால்பாயிண்ட் போன வாரமே தீர்ந்துவிட்டது. இந்தப் பக்கம் முழுக்க நீல மை. இப்போதுதான் கையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை ஓரம் சுத்தமாக இருக்கிறது.